நகைச்சுவை நடிகையின் தன்வரலாறு: வேலையைப் பற்றிய அத்தியாயங்களே ஏன் அதிகம் சிரிக்க வைக்கின்றன?

நூலடுக்கு (கேள்வி):

வணக்கம். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரும் நடிகையுமான டீனா ஃபே 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஸிபேண்ட்ஸ்' என்னும் தன்வரலாற்று நூலை அண்மையில் படித்து முடித்தேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படித்த நூல்கள் என் வாசிப்பில் மிகக் குறைவு. அவற்றுள் இதற்கு நிச்சயம் இடம் உண்டு. ஆனால் படித்து முடித்தது முதல் ஒரு கேள்வி மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்நூலில் இரு வகைப் பகுதிகள் இருக்கின்றன. சிறுவயது, பருவமடைதல், நிறைவேறாத காதல்கள், தேனிலவுக் கப்பலில் தீப்பிடித்த கதை என்று சொந்த வாழ்க்கையைச் சொல்லும் பகுதிகள் ஒருபுறம். சிகாகோவின் 'செகண்ட் சிட்டி' நாடகக் குழுவிலும், பிறகு 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைக் குறுநாடக நிகழ்ச்சியிலும் அவர் வேலை பார்த்த காலத்தைச் சொல்லும் பகுதிகள் மறுபுறம். முதல் வகையைப் படிக்கும்போது புன்னகைத்தேன். இரண்டாம் வகையைப் படிக்கும்போதுதான் நூலை மூடி வைத்துவிட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முன்பெல்லாம் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி அதில் கோத்து அணியும் மாதவிடாய் அணையாடை இருந்தது அல்லவா? அந்தப் பழம்பொருளைப் புதிய நாகரிகமாக மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவது போன்ற போலி விளம்பரம் ஒன்றை அந்நிகழ்ச்சியின் பெண் எழுத்தாளர் எழுதுகிறார். பெண்கள் அனைவரும் அதை ரசிக்கிறார்கள். முடிவெடுக்கும் இடத்திலிருக்கும் ஆண்கள் மட்டும் அதைப் படமாக்குவது கடினம் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெண்களின் நகைச்சுவையைத் திட்டமிட்டு ஒதுக்குகிறார்கள் என்ற முடிவுக்கு நாம் வந்துவிடும் நேரத்தில் உண்மை வெளிப்படுகிறது: அந்தப் பொருள் எப்படி இருக்கும், எதில் மாட்டப்படும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. விளக்கிச் சொன்னதும் வேலை நடக்கிறது. சினத்துக்குத் தயாராக இருந்த வாசகர் சிரிப்பில் போய் விழும் அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் கேள்வி இதுதான். குடும்பமும் காதலும்தான் சிரிப்புக்கு ஊற்று என்றும், அலுவலகக் கதை என்றால் சலிப்பு என்றும் பொதுவாக எண்ணுகிறோம். இங்கே அது தலைகீழாக இருப்பது டீனா ஃபே என்னும் ஒருவரின் தனித்தன்மையா, அல்லது நகைச்சுவைப் பெண் கலைஞர்களின் தன்வரலாறுகள் எல்லாவற்றிலும் காணப்படும் இயல்பா? இந்த வகை நூல்களை நிறையப் படித்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

கீழ்வானம்:

நல்ல கேள்வி. எல்லா நூல்களிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது; ஆனால் மிகச் சிறந்த பகுதிகள் பெரும்பாலும் வேலையைப் பற்றியவைதாம் என்பதை நானும் கவனித்திருக்கிறேன். அதற்குக் காரணம், வேலையிடத்தில் எதிராளி உயிரோடு எதிரே நிற்கிறார் என்பதே. குழந்தைப் பருவத்தை எழுதும்போது எழுதுபவரும் நினைவும் மட்டுமே இருக்கிறார்கள். எழுதுபவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கதையைத் திருப்பிக்கொள்ளலாம். வேலையிடத்திலோ ஒரு விதி இருக்கிறது, அதைக் காக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், அந்த விதி அபத்தமானது என்பது எழுதுபவருக்குத் தெரிகிறது, ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்தாக வேண்டும். நகைச்சுவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செகண்ட் சிட்டி குழுவைப் பற்றிய பகுதியை நினைத்துப் பாருங்கள். அக்காலத்தில் ஒவ்வொரு குழுவிலும் நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள் என்பதே வழக்கம். ஒரு குழுவை மும்மூன்று பேராக மாற்றலாம் என்ற யோசனை எழுந்தபோது, அப்படிச் செய்தால் பெண்களுக்குப் போதிய பாத்திரங்கள் கிடைக்காதே என்று பொறுப்பிலிருந்தவர்கள் கவலைப்பட்டார்களாம். அங்கே நடப்பதோ எழுதி வைத்த பாத்திரங்களே இல்லாத, மேடையில் நின்றபடி அப்போதைக்கப்போது புனைந்துகொள்ளும் நாடகம்! இல்லாத பாத்திரங்களுக்குப் பஞ்சம் வந்துவிடும் என்ற அச்சத்தை ஃபே கேலி செய்வதற்குக்கூட அதிகம் பாடுபடவில்லை. நடந்ததை நடந்தபடி எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நகைச்சுவை நடிகை எமி போலர் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு வந்த புதிதில் நடந்தது. எழுத்தாளர்கள் சூழ்ந்திருந்த மேசையருகே அவர் ஏதோ கொச்சையான வேடிக்கை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். அப்போதே அங்கு நட்சத்திரமாக இருந்த ஜிம்மி ஃபாலன், அது அழகாக இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்று பொய்யான முகச்சுளிப்போடு விளையாட்டாகச் சொல்கிறார். போலர் சட்டென்று விளையாட்டை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பி, உனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை என்று, அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தம் வேடிக்கையைத் தொடர்கிறார். மொத்தம் சில நொடிகள்தாம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபேயின் மனத்தில் எழுந்தது வெற்றி முழக்கமோ கொள்கையோ அன்று. தம் தோழி வந்துவிட்டாள் என்ற சின்னப்பிள்ளை மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நமக்குக் காட்டுவதால்தான் அக்காட்சி பிரசங்கமாகாமல் தப்பிக்கிறது.

அந்த நிகழ்ச்சி 1975இல் தொடங்கியது. ஒரு பெண் அதன் தலைமை எழுத்தாளரானது 1999இல்தான், அவர் டீனா ஃபே. வேறொருவர் கையில் இது ஒரு வீரகாதையாக மாறியிருக்கும். ஃபேயோ தாம் எட்டிப் பிடித்த உயரத்தைவிட, அந்த அலுவலகத்தில் சில ஆண் எழுத்தாளர்கள் கழிவறைக்குப் போகச் சோம்பிக் கோப்பைகளில் சிறுநீர் கழித்து வைத்திருந்ததைத்தான் அக்கறையோடு விவரிக்கிறார்.

சொந்த வாழ்க்கைப் பகுதிகளில் சிரிப்புக் குறைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அவர் அங்கே சில கதவுகளை வேண்டுமென்றே சாத்தி வைத்திருக்கிறார். ஐந்து வயதில் ஓர் அந்நியன் அவருடைய முகத்தில் வெட்டியதால் ஏற்பட்ட தழும்பைப் பற்றி நூலின் தொடக்கத்திலேயே சொல்கிறார். ஆனால் நிகழ்ச்சியை விவரித்து நம் இரக்கத்தைத் திரட்டாமல், அந்தத் தழும்பைப் பற்றி யார் கேட்கிறார்கள், யார் கேட்பதில்லை, எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கொண்டு மனிதர்களை எடைபோட முடியும் என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தன்வரலாறு எழுதுபவர் எல்லாவற்றையும் கொட்டித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

செவிச்செல்வம்:

கீழ்வானம் அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் நூலடுக்கு அவர்கள் இந்நூலை அச்சில் படித்தாரா, ஒலிநூலாகக் கேட்டாரா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவர்கள் எழுத்தால் மட்டும் வாழ்ந்தவர்கள் அல்லர். ஒரு சொல்லுக்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஃபே தம் நூலைத் தாமே வாசித்திருக்கிறார். அச்சில் வெறும் புன்னகையோடு கடந்து போகும் சிறுவயதுப் பகுதிகள், குறிப்பாகத் தம் தந்தை டான் ஃபேயைப் பற்றிய பகுதி, அவர் குரலில் கேட்கும்போது வேறு கனம் பெறுகின்றன. தந்தையைக் கேலி செய்கிறாரா வணங்குகிறாரா என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே தொனியில் வாசித்துக்கொண்டு போகிறார்.

எமி போலரின் 'யெஸ் ப்ளீஸ்' (2014) இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் ஒலி வடிவத்தில் கரோல் பர்னெட், கேத்லீன் டர்னர், பேட்ரிக் ஸ்டூவர்ட், சேத் மேயர்ஸ் ஆகிய கலைஞர்களின் குரல்களும் போலருடைய பெற்றோரின் குரல்களும் வருகின்றன. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெயர் பெற்ற ஸ்டூவர்ட், முக அழகு அறுவை சிகிச்சை பற்றிய சின்னஞ்சிறு ஹைக்கூ கவிதைகளை மன்னர் ஆணை பிறப்பிப்பது போன்ற கம்பீரத்தோடு வாசிப்பதைக் கேட்டால், அச்சில் அந்தப் பக்கத்தை ஏன் இவ்வளவு வேகமாகப் புரட்டினோம் என்று தோன்றும். நூலின் இறுதி அத்தியாயத்தை போலர் பார்வையாளர்கள் முன்னிலையில் வாசித்திருக்கிறார். சிரிப்பு வரும் இடங்களில் அவர் காத்திருப்பது நமக்குக் கேட்கிறது.

நூலடுக்கு அவர்களின் கருத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு பகுதி 'யெஸ் ப்ளீஸ்' நூலிலும் இருக்கிறது. ஆனால் அது சிரிக்க வைக்கும் பகுதி அன்று. ஒரு குறுநாடகத்தில் மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவரை அடிப்படையாகக் கொண்ட பாத்திரத்தைக் கேலியாக நடித்துவிட்டு, அதற்கு எழுந்த கண்டனக் கடிதத்தைக் கண்டு முதலில் சினம் கொண்டு, பல ஆண்டுகள் அந்தச் சங்கடத்தைச் சுமந்து, கடைசியில் மன்னிப்புக் கேட்ட கதையை போலர் எழுதியிருக்கிறார். பிறரைச் சிரிக்க வைப்பதில் என்ன தவறு நேரக்கூடும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு பகுதி எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அதுவும் வேலையைப் பற்றிய அத்தியாயம்தானே?

எதிர்வாதி:

இவ்வளவு புகழ்ச்சிக்கு நடுவே ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்த வகை நூல்களில் பாதி நிரப்புச் சரக்கு. விரும்பும் பொருள்களின் பட்டியல், வெறுக்கும் பொருள்களின் பட்டியல், பழைய நிகழ்ச்சியின் வசனப் பிரதி, சிறுவயதுப் புகைப்படங்கள், பழைய நாட்குறிப்புப் பக்கம் என்று ஒட்டுப்போட்டு ஒரு நூலின் பருமனைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 'யெஸ் ப்ளீஸ்' முன்னுரையில் நூல் எழுதுவது எவ்வளவு கடினம் என்று போலர் புலம்புவது முதல் முறை படிக்கும்போது நகைப்பூட்டுகிறது; அதே புலம்பல் நூலுக்குள்ளும் தலைகாட்டும்போது, கடினமாக இருந்தால் இன்னும் ஓராண்டு எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. வேலையைப் பற்றிய அத்தியாயங்கள் சிறப்பாக இருப்பதன் இரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை: அங்கேதான் சொல்வதற்குக் கதை இருக்கிறது. மற்ற இடங்களில் நகைச்சுவை, கதை இல்லாத குறையை மறைக்கிறது.

வேலையைப் பற்றியதே சிறப்பு என்ற பொதுவிதிக்கு வலுவான விலக்குகளும் உண்டு. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் முதல் குழுவில் இருந்த கில்டா ராட்னர் 1989இல் வெளியிட்ட 'இட்ஸ் ஆல்வேஸ் சம்திங்' நூலைப் படித்துப் பாருங்கள். அவர் நடித்த ஒரு பாத்திரம் தொலைக்காட்சியில் ஓயாமல் சொல்லிவந்த வேடிக்கைத் தொடரே நூலின் தலைப்பு. ஆனால் நூல் அவரைத் தாக்கிய சூலகப் புற்றுநோயைப் பற்றியது. உடம்புக்கு என்னவென்றே புரியாமல் மாதக்கணக்கில் அலைக்கழிந்து, 1986 அக்டோபரில் நோய் உறுதியாகி, அறுவை சிகிச்சை, மருந்துச் சிகிச்சை என்று தொடரும் அந்தக் கதையில் வேலை பின்னணிக்குப் போய்விடுகிறது. 1988இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் தோன்றி, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்விக்குத் தம் புற்றுநோயையே நகைச்சுவையாக்கி விடை சொன்னவர் அவர். நூலை மகிழ்ச்சியான முடிவோடு எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினார். முடிவு தெரியாமல் வாழப் பழகியதைத்தான் இறுதியில் எழுத முடிந்தது. 1989 மே மாதம் 20ஆம் நாள், நாற்பத்திரண்டு வயதில், காலமானார்.

நகைச்சுவை நடிகை டிஃபனி ஹேடிஷ் எழுதிய 'தி லாஸ்ட் பிளாக் யூனிகார்ன்' (2017) இன்னொரு விலக்கு. வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்த, பள்ளியில் ஓயாமல் தொல்லை கொடுத்த சிறுமியிடம், மனநலச் சிகிச்சைக்குப் போகிறாயா, லாஃப் ஃபேக்டரி அரங்கின் நகைச்சுவைப் பயிற்சி முகாமுக்குப் போகிறாயா என்று சமூகப் பணியாளர் கேட்டதாக அவர் சொல்லும் இடத்தில், வேலை எது, வாழ்க்கை எது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. சிரிக்க வைப்பது அவருக்கு முதலில் தப்பிக்கும் வழி. தொழிலானது அதற்குப் பிறகுதான்.

கீழ்வானம்:

எதிர்வாதி அவர்கள் காட்டிய விலக்குகளை ஏற்கிறேன். ஆனால் பட்டியல்களையெல்லாம் நிரப்புச் சரக்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். குறுநாடகம் எழுதிப் பழகியவர்களின் மூச்சே குட்டையானது. மூன்று நிமிடத்தில் தொடங்கி முடிக்க வேண்டும் என்ற பயிற்சி அவர்கள் கையில் ஊறியிருக்கிறது. முந்நூறு பக்கத் தொடர்கதையை அவர்களிடம் எதிர்பார்ப்பதைவிட, நன்றாக அமைந்த இருபது துண்டுகளை ரசிப்பது மேல்.

அப்படிப்பட்ட துண்டுகளில் ஒன்று: 2008 செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஃபேயின் தலையில் மூன்று பொறுப்புகள் வந்து விழுகின்றன. தம் '30 ராக்' தொடரில் சிறப்பு விருந்தினராக வரும் ஓப்ரா வின்ஃப்ரியோடு படப்பிடிப்பு. அன்றிரவே நேரடி ஒளிபரப்பில் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினாக முதல் முறை வேடமிடுவது. மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் 'பீட்டர் பேன்' சிறுவர் கதையை ஒட்டிய விருந்து. நாடே பேசப்போகும் வேடத்தையும் கடற்கொள்ளையர் கருப்பொருள் கொண்ட குழந்தைகள் விருந்தையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு பதற்றத்தோடு அவர் எழுதியிருப்பதுதான் அந்த அத்தியாயத்தின் சுவை. எதிர்வாதி அவர்களே, இது வேலையா, குடும்பமா?

நூலடுக்கு:

அனைவருக்கும் நன்றி. நான் அச்சில்தான் படித்தேன். செவிச்செல்வம் அவர்கள் சொன்னபின் ஒலிநூலையும் கேட்கப்போகிறேன். கீழ்வானம் அவர்கள் கடைசியாகச் சொன்ன அத்தியாயம், நான் போட்ட கோட்டைச் சற்று அழித்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வார இறுதியில் நம்மைச் சிரிக்க வைப்பது குழந்தையின் மழலையோ பாசமோ அன்று, மூன்று காலக்கெடுக்கள் ஒன்றோடொன்று மோதுவதுதான் என்று எனக்குப் படுகிறது. பிறந்தநாள் விருந்தும் அங்கே ஒரு வேலையாகத்தான் வருகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். நகைச்சுவை எழுத்தாளரும் நடிகையுமான மிண்டி கேலிங்கின் நூல் எப்படி? அவர் பெயர் இங்கே இன்னும் வராதது ஆச்சரியம். அடுத்து, அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பெரிதாகப் பார்த்திராத ஒருவருக்கு இந்நூல்கள் பிடிபடுமா? என் தங்கைக்கு ஒன்றைப் பரிசளிக்கலாம் என்றிருக்கிறேன்.

செவிச்செல்வம்:

மிண்டி கேலிங் எழுதிய 'இஸ் எவ்ரிஒன் ஹேங்கிங் அவுட் வித்அவுட் மீ' 2011 நவம்பரில், ஃபேயின் நூல் வந்த அதே ஆண்டில், வெளிவந்தது. அவருடைய தந்தை தமிழர், தாய் வங்காளி. இருவரும் நைஜீரியாவில் சந்தித்து மணந்துகொண்டவர்கள். சொக்கலிங்கம் என்ற குடும்பப் பெயரை மேடையில் அறிவிப்பாளர்கள் சொல்லத் தெரியாமல் தடுமாறி, அதையே கேலிப் பொருளாக்கியதால் 'கேலிங்' என்று சுருக்கிக்கொண்டார்.

உங்கள் கருத்துக்கு இந்நூல் நல்ல சான்று. நட்பு, உடற்பருமன், காதல் பற்றிய கட்டுரைகள் இனிமையானவை. ஆனால் தோழி ஒருவருடன் சேர்ந்து எழுதி இருவருமே ஆண் வேடமிட்டு நடித்த 'மேட் அண்ட் பென்' நாடகத்தில், போலிச் சண்டைக் காட்சியில் கை தவறித் தோழியின் மூக்கை உண்மையாகவே உடைத்துவிட்டதை அவர் சொல்லும் வேகம் மற்ற கட்டுரைகளுக்கு இல்லை. 'தி ஆஃபீஸ்' தொடரின் எழுத்தாளர் குழுவில் இருபத்து நான்கு வயதில் ஒரே பெண்ணாகச் சேர்ந்து, தலைமை எழுத்தாளரோடு ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருந்த பகுதிகளும் அத்தகையவையே. மருத்துவரான தம் தாயைப் பற்றி அவர் எழுதியிருக்கும் இடங்களை மட்டும் சற்று நிதானித்துப் படியுங்கள். நூல் வெளிவந்த சில மாதங்களில், 2012இன் தொடக்கத்தில், அந்தத் தாய் இறந்துபோனார். அது தெரிந்து படிக்கும்போது அவருடைய கண்டிப்பைப் பற்றிய நகைச்சுவைகள் வேறு மாதிரி ஒலிக்கின்றன.

எதிர்வாதி:

தங்கைக்கான பரிசு என்பதால் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். நிகழ்ச்சிகளைப் பார்த்திராதவருக்கு 'யெஸ் ப்ளீஸ்' நூலில் பெயர்கள் அதிகம். யார் யாருக்கு நண்பர் என்று குழம்பிப் போவார். நகைச்சுவை நடிகை கரோல் பர்னெட்டின் 'ஒன் மோர் டைம்' (1986) நூலைக் கொடுங்கள். தம் மகள்களுக்கு எழுதிய கடிதமாகத் தொடங்கிய நூல் அது. குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்ட பெற்றோர், ஹாலிவுட்டில் ஒற்றை அறைக் குடியிருப்பில் பேத்தியை வளர்த்த பாட்டி, திரைப்பட அரங்குகளே உலகமாக இருந்த சிறுமி என்று எந்தத் தொலைக்காட்சியையும் பார்த்திராதவருக்கும் விளங்கும்படி கதை ஓடும். பிற்காலத்தில் தம் நிகழ்ச்சியின் முடிவில் பர்னெட் இடது காதைப் பிடித்து இழுப்பார். பாட்டிக்கு நலம் சொல்லும் குறிப்பாகத் தொடங்கிய பழக்கம் அது. வேலை குறைவு, வீடு அதிகம். ஆகவே நூலடுக்கு அவர்களின் விதிப்படி சிரிப்பு குறைவாக இருக்க வேண்டும். தங்கை படித்து முடித்ததும் அப்படித்தான் இருந்ததா என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.